ஆங்கிலத்தில் அளந்த திரை: கொட்டாஞ்சேனைச் சனலிங் நிலையமொன்றின் இணையத்தளம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொழும்பு 13, கொட்டாஞ்சேனையில் இயங்கும் தனியார் மருத்துவ நிலையமொன்று, விசேட வைத்திய நிபுணர்களைச் சந்திப்பதற்கான முற்பதிவை, அதாவது நாம் எல்லோரும் சனலிங் என்று சொல்லும் ஏற்பாட்டை, இணையத்தில் செய்துதரும்படி எங்களைக் கேட்டது. நாங்கள் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து வேலை செய்யும் மூவர். ஒருவர் தரவுத்தளத்தையும் சேவையகத்தையும் பார்ப்பவர். ஒருவர் வாடிக்கையாளரோடு பேசித் தேவைகளை எழுதுபவர். பக்கங்களின் வடிவமைப்பு என் பொறுப்பு. ஆகவே இங்கே சொல்லப்படும் பிழைகளில் பெரும்பகுதி என்னுடையது. நிலையத்தின் பெயரையும் அங்குள்ளவர்களின் அடையாளங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

அந்த நிலையத்துக்கு வருவோர் கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, கிராண்ட்பாஸ், வத்தளை ஆகிய இடங்களைச் சேர்ந்தவர்கள். தமிழ் பேசுவோரும் சிங்களம் பேசுவோரும் கலந்தே வருவார்கள். மாலை நான்கு மணிக்குப் பின்னர் வரவேற்பு மேசைத் தொலைபேசி ஓய்வதே இல்லை. ‘டொக்டர் இன்றைக்கு வருவாரா, என் நம்பர் எத்தனை, எவ்வளவு எடுப்பார்கள்’ என்ற மூன்று கேள்விகளுக்கே இரண்டு பணியாளர்களின் மாலைப்பொழுது செலவாகியது. இணையத்தளம் இந்தச் சுமையைக் குறைக்க வேண்டும் என்பதும், தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் இருக்க வேண்டும் என்பதும் எழுத்தில் தரப்பட்ட தேவைகள்.

முதல் வடிவம்

வழக்கம்போல வரைபடங்களை ஆங்கிலத்தில், 1440 பிக்சல் அகலத்தில் தொடங்கினேன். வைத்தியர்களின் பட்டியல் ஓர் அட்டவணை: பெயர், துறை, நாள், நேரம், கட்டணம், பதிவுப் பொத்தான் என ஆறு நெடுவரிசைகள். அதன்பின் 1024, 768, 360 என்று மூன்று அகலங்களில் அதே பக்கத்தைச் சுருக்கி வரைந்தேன். இவை எங்கிருந்து வந்த எண்கள் என்று அன்று யாராவது கேட்டிருந்தால், ஐபாட்டின் அகலம், பொதுவான அண்ட்ரொயிட் கைப்பேசியின் அகலம் என்றுதான் பதில் சொல்லியிருப்பேன். பக்கத்தில் உள்ள சொற்களுக்கும் அந்த எண்களுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை.

சிறிய திரையில் ஆறு நெடுவரிசைகளுக்கு இடமில்லை என்பதால் கட்டணத்தையும் துறையின் முழுப்பெயரையும் 768க்குக் கீழே மறைத்துவிட்டேன். திரை சிறிதானால் காட்டுவதும் குறைய வேண்டும் என்பது அப்போது இயல்பான முடிவாகத் தோன்றியது. படிவத்தின் பெட்டிகளில் எழுத்து 14 பிக்சல். ஐபோன் சஃபாரி, 16 பிக்சலைவிடச் சிறிய எழுத்துள்ள பெட்டியைத் தொட்டவுடன் பக்கத்தைத் தானாகப் பெரிதாக்கிவிடும். நிலைய முகாமையாளர் தம் ஐபோனில் அதைப் பார்த்துப் பக்கம் துள்ளுகிறது என்று சொன்னதும், எழுத்தைப் பெரிதாக்குவதற்குப் பதிலாக, பக்கம் திரையில் எவ்வாறு அமர வேண்டும் என்று உலாவிக்குச் சொல்லும் வியூபோர்ட் வரியில் பெரிதாக்கும் வசதியையே நிறுத்திவிட்டேன். துள்ளல் நின்றது. முகாமையாளர் திருப்தியடைந்தார்.

தமிழ், சிங்கள மொழிபெயர்ப்புகள் வெளியீட்டுக்கு முந்திய வாரம் வந்தன. அவற்றை உரிய இடங்களில் நிரப்பி, என் மேசைக் கணினியின் உலாவிச் சாளரத்தைச் சுருக்கிப் பார்த்து, சில இடங்களில் தமிழ் எழுத்தை ஒரு பிக்சல் குறைத்து, தளத்தை வெளியிட்டோம்.

வந்த முறைப்பாடு

பத்து நாள் கழித்து முகாமையாளர் அனுப்பிய செய்தி ஒரே வரி: ஃபோனில் வேலை செய்யவில்லை என்று ஆட்கள் சொல்கிறார்கள். நாங்கள் மூவரும் எங்கள் கைப்பேசிகளில் திறந்து, பதிவு செய்து, இரத்துச் செய்து பார்த்தோம். எல்லாம் சரியாக நடந்தது. சேவையகப் பதிவுகளைப் பார்த்தபோதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. ஆங்கிலப் பக்கத்தில் தொடங்கிய பதிவுகளில் பெரும்பாலானவை முடிவடைந்திருந்தன. தமிழ்ப் பக்கத்தில் தொடங்கியவை கடைசிப் படியில் வந்து நின்றிருந்தன. நாங்கள் மூவரும் தமிழர்களாயிருந்தும் எங்கள் கைப்பேசிகளில் ஆங்கிலப் பக்கத்தையே திறந்து பரிசோதித்திருக்கிறோம் என்பதை அந்த வேளையில்தான் உணர்ந்தேன். அது எனக்கு வருத்தத்தைத் தந்தது, இன்றும் தருகிறது.

அறையில் இருந்தபடி மேலும் ஊகிப்பதைவிட, நோயாளர் காத்திருக்கும் இடத்தில் போய் உட்காருவது என்று முடிவெடுத்தேன். நிலையத்தின் அனுமதியோடு, வரவேற்பு மேசைக்கு அருகிலுள்ள வாங்கில் மூன்று மாலைகள் இருந்தேன். விருப்பம் தெரிவித்தவர்கள் தங்கள் கைப்பேசியில் அடுத்த வருகைக்கான பதிவைச் செய்யும்போது பக்கத்திலிருந்து பார்த்தேன். உதவி செய்யவில்லை; கேட்டால் மட்டும் பதில் சொன்னேன்.

வாங்கிலிருந்து கண்டவை

முதல் மாலையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, தமிழ்ப் பக்கத்தைத் தெரிந்து, வைத்தியரைத் தேடி, பெயரும் தொலைபேசி இலக்கமும் தட்டி, இறுதிப் படிவரை தடுமாற்றமின்றி வந்தார். அங்கே நின்றுவிட்டார். மேசையிலிருந்த இளைஞரிடம், “தம்பி, எல்லாம் போட்டுட்டேன், இனி எங்க அமத்துறது?” என்று கேட்டார். அந்த இளைஞர் கைப்பேசியை வாங்கி, பக்கத்தை விரலால் இடப்பக்கமாகத் தள்ளி, திரைக்கு வெளியே பாதி போயிருந்த பொத்தானைக் காட்டினார். அவர் அதைச் செய்த வேகத்திலிருந்து, நாளொன்றுக்குப் பல முறை அதையே செய்கிறார் என்பது தெரிந்தது. மேசையின் மேலிருந்த குறிப்புப் புத்தகத்தில் இவ்வாறான கேள்விகளை அவர்கள் கோடு போட்டுக் கணக்கெடுத்தும் வந்திருந்தார்கள். அதை யாரும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை, நாங்களும் கேட்டிருக்கவில்லை.

அந்த அம்மாவின் கைப்பேசியை வாங்கி, திரையின் அகலத்தைக் காட்டும் ஒரு சிறு சோதனைப் பக்கத்தைத் திறந்தேன். 320 என்று வந்தது. அது உண்மையில் 360 அகலமுள்ள வகைக் கைப்பேசி. அண்ட்ரொயிட் அமைப்புகளில் காட்சி அளவு என்றொரு தெரிவு உண்டு. கண் மங்கியவர்களுக்காகப் பிள்ளைகள் அதைக் கூட்டி வைத்துக் கொடுப்பார்கள். அதைக் கூட்டும்போது திரையில் உள்ள யாவும் பெரிதாகின்றன. அதன் விலையாக, இணையப் பக்கத்துக்குக் கிடைக்கும் சி.எஸ்.எஸ். பிக்சல்களின், அதாவது பக்க வடிவமைப்பில் அளவாகப் பயன்படும் பிக்சல்களின், எண்ணிக்கை குறைகிறது. நோயாளர்கள் வரும் இடத்துக்கு நாங்கள் செய்த தளம், கண் மங்கியவர்களின் திரை அகலத்தில் ஒருநாளும் திறந்து பார்க்கப்படவில்லை. அந்த மூன்று மாலைகளில் நான் அளந்த பதினான்கு கைப்பேசிகளில் நான்கு, 360க்குக் குறைவான அகலத்தைக் காட்டின.

இரண்டாம் மாலையில் ஓர் ஓட்டோ சாரதியின் திரையில் பொத்தான் பக்கவாட்டில் மறையாமல் கீழே மறைந்தது. இறுதிப் படியை, திரையின் முழு உயரத்துக்கு, அதாவது 100 விஎச் என்ற அளவில், அமைத்துப் பொத்தானை அடியில் ஒட்டியிருந்தேன். அந்தப் பகுதி உள்ளே உருளாதபடியும் வைத்திருந்தேன். கைப்பேசி உலாவிகள் அந்த அளவை, முகவரிப் பட்டை ஒளிந்திருக்கும் நிலையின் உயரமாகவே கணக்கிடுகின்றன. பட்டை தெரியும்போது அந்த உயரத்தின் அடிப்பகுதி திரைக்குக் கீழே போய்விடுகிறது. என் மேசைக் கணினியில் முகவரிப் பட்டை ஒளிவதில்லை என்பதால் சாளரத்தை எவ்வளவு சுருக்கியும் இது எனக்குத் தெரிந்திருக்காது.

முதியவர் ஒருவர் வைத்தியரின் பெயரை வாசிக்க இரண்டு விரல்களால் பக்கத்தைப் பெரிதாக்க முயன்றார், இயலவில்லை. ஐபோனில் 2016ஆம் ஆண்டின் ஐஓஎஸ் 10 முதல் அந்தத் தடையை உலாவி பொருட்படுத்துவதில்லை. அண்ட்ரொயிட்டில் பயனரே தனியாக ஓர் அமைப்பை மாற்றாவிட்டால் தடை நிற்கும். முகாமையாளரின் ஐபோனில் ஒரு துள்ளலை நிறுத்துவதற்காக நான் எழுதிய வரி, ஐபோன் இல்லாத இந்த முதியவரின் கையைக் கட்டியிருந்தது. அவர் வாசிக்க முயன்ற வரியிலும் பிழை இருந்தது. ஆங்கில எழுத்துக்கு ஏற்றபடி வரியின் உயரத்தை எழுத்தின் அளவுக்குச் சமமாக வைத்து, மீறுவதை வெட்டும்படி எழுதியிருந்ததால், மெய்யெழுத்துகளின் புள்ளியும் ஈகாரக் குறியின் மேற்பகுதியும் வெட்டுண்டிருந்தன. புள்ளி போனால் தமிழில் அது வேறு எழுத்து.

நான் எதிர்பாராத அவதானிப்பு மூன்றாம் மாலையில் கிடைத்தது. அது நோயாளரைப் பற்றியது அன்று. வரவேற்பு மேசையிலிருந்த பெண் பணியாளர் 1366 பிக்சல் அகலமுள்ள பழைய கணினித் திரையில், இடப்புறம் எங்கள் தளத்தையும் வலப்புறம் கணக்குப் பதிவையும் பக்கம் பக்கமாகத் திறந்து வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 683 பிக்சல். ஆகவே, மேசைக் கணினியில் சுட்டியோடு வேலை செய்யும் அவருக்குக் கைப்பேசி வடிவமே வந்தது, கட்டணம் மறைந்தது, பக்கங்களுக்கான தெரிவுப் பட்டியல் மூன்று கோட்டுக் குறிக்குள் ஒளிந்தது. தொலைபேசியில் ஒருவர் கட்டணத்தைக் கேட்டால், சாளரத்தைப் பெரிதாக்கி, பார்த்துச் சொல்லி, மீண்டும் சுருக்குவார். கட்டணம் கேட்டுத் தொலைபேசி அழைப்பு வந்ததற்கும் காரணம் அதே மறைப்புத்தான்.

காரணம் எது

திரைக்கு ஏற்ப வளையும் வடிவமைப்பு என்ற எண்ணத்தை ஈத்தன் மார்கொட் 2010 மே மாதத்தில் பெயரிட்டு விளக்கியபோது, அதற்கு மூன்று கூறுகளைச் சொன்னார்: விகிதத்தால் விரியும் கட்டங்கள், அடங்கும் படங்கள், திரையின் அகலத்தைப் பார்த்து வடிவத்தை மாற்றும் மீடியா குவெரி. நான் மூன்றாவதை மட்டும் கற்றுக்கொண்டவனைப்போல நடந்திருந்தேன். பேச்சில் பிரேக்பொயின்ட் என்று சொல்லும் முறிவுப்புள்ளிகளை, அதாவது வடிவம் மாறும் அகலங்களை, சாதனங்களின் பெயரால் வைத்து, அவற்றுக்கு இடைப்பட்ட அகலங்களில் கட்டம் தானாக வளையும் என்று நம்பியிருந்தேன்.

பொத்தான் திரைக்கு வெளியே போனதன் நேரடிக் காரணம் சிறியது. ஃபிளெக்ஸ் முறையில் ஒரு வரிசையில் அடுக்கப்படும் உறுப்பு, தனியே சொல்லாவிட்டால், தன்னுள் இருக்கும் மிக நீண்ட சொல்லைவிடக் குறுகாது. ஆங்கிலத்தில் ‘கன்ஃபேர்ம்’ ஏழு எழுத்து; தமிழில் ‘உறுதிப்படுத்துக’. அதன் இடப்பக்கத்தில் ‘ஞாயிற்றுக்கிழமை’ என்று நாள். இவை இரண்டும் நேரமும் ஒரே வரிசையில் 320 பிக்சலுக்குள் அடங்கா. தமிழில் விகுதியும் வேற்றுமையும் சொல்லோடு ஒட்டிக்கொள்கின்றன. ஆங்கிலம் இரண்டு மூன்று சொற்களாகப் பிரித்து, இடையே வரி உடைய இடம் தருவதை, நாம் ஒரே சொல்லாக எழுதுகிறோம். இதற்கு மேலாக, விண்டோஸில் நிர்மலா யூஐ, அண்ட்ரொயிட்டில் நோட்டோ, அப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் என்று எழுத்துருவும் மாறுவதால், ஒரே சொல்லின் அகலம் கருவிக்குக் கருவி வேறுபடும். கணினியில் ஒரு பிக்சல் குறைத்துச் சரிசெய்தது கைப்பேசியில் நிற்காததற்கு இதுவும் காரணம்.

எடுத்த முடிவுகள்

முகாமையாளர் முதலில் கேட்டது, தமிழ் எழுத்தை 12 பிக்சலாக்கினால் போதாதா என்பதே. மறுத்தோம். வாங்கில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவுக்கு அது செய்யும் உதவி எதுவும் இல்லை. கைப்பேசிக்கென்று தனித் தளம் அமைப்பதையும் விலக்கினோம். மூன்று மொழிகளுக்கு இரண்டு தளங்கள் என்றால் கட்டணம் மாறும் ஒவ்வொரு முறையும் ஆறு இடங்களில் திருத்த வேண்டியிருக்கும்.

அடிப்படை முடிவு, வடிவமைப்பைத் தமிழ்ப் பக்கத்தில், 320 பிக்சல் அகலத்தில் தொடங்குவது. அந்த எண்ணுக்கு வேறோர் ஆதாரமும் உண்டு: பார்வை முதலிய குறைபாடுள்ளோரும் பயன்படுத்தத்தக்கதாகத் தளங்களை அமைப்பதற்கான WCAG என்ற அணுகல்தன்மை வழிகாட்டியின் 2018இல் வெளிவந்த 2.1ஆம் பதிப்பு, 320 சி.எஸ்.எஸ். பிக்சல் அகலத்தில் பக்கவாட்டில் உருட்டாமலே பக்கத்தை வாசிக்க இயல வேண்டும் என்கிறது. 1280 பிக்சல் திரையை நான்கு மடங்கு பெரிதாக்கினால் கிடைப்பதும் அதே அகலம்தான். அதற்குள் தமிழ் அடங்கினால் ஆங்கிலமும் சிங்களமும் அடங்கும் என்று கருதினோம். சிங்களத்தைப் பற்றிய அந்தக் கருத்து முழுவதும் சரியன்று என்பது பின்னர் தெரிந்தது.

அட்டவணையைக் கைவிட்டு, ஒவ்வொரு வைத்தியரையும் ஓர் அட்டையாக்கினோம். அட்டவணையை வைத்துக்கொண்டு சிறிய திரையில் மட்டும் அதை உடைத்து அடுக்கியிருக்கலாம். ஆனால் அவ்வாறு செய்யும்போது, திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் திரைவாசிப்பான்களுக்கு அது அட்டவணை என்ற செய்தி பல உலாவிகளில் தொலைந்துபோயிருக்கிறது. எனவே தொடக்கத்திலேயே பட்டியலாக எழுதினோம். ஓர் அட்டையின் குறைந்த அகலம், எழுத்தளவோடு மாறும் ரெம் என்ற அலகில் 18, அதாவது வழமையான எழுத்தளவில் 288 பிக்சல். 320இலிருந்து இருபுறமும் 16 பிக்சல் ஓரம் கழித்தால் மிஞ்சுவது அதுவே. இடமிருந்தால் அடுத்த அட்டை பக்கத்தில் அமரும். இல்லையென்றால் கீழே இறங்கும். இதற்கு முறிவுப்புள்ளியே தேவைப்படவில்லை.

முறிவுப்புள்ளி தேவைப்பட்ட இரண்டு இடங்களை, தமிழ்ப் பக்கத்தை 320இலிருந்து மெல்ல மெல்ல விரித்து, வரி வாசிக்கச் சிரமமாக நீளும் இடத்தில் நிறுத்திக் கண்டுபிடித்தோம். அவற்றைப் பிக்சலில் எழுதாமல், எழுத்தளவோடு மாறும் ‘எம்’ (em) என்ற அலகில் எழுதினோம். உலாவியில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவருக்கு முறிவும் அதற்கேற்ப நகரும்.

எந்தத் தகவலையும் திரையின் அகலத்தைக் காரணம் காட்டி மறைப்பதில்லை என்று எழுதி வைத்துக்கொண்டோம். கட்டணம் எல்லா அகலங்களிலும் தெரியும். பெரிதாக்கும் தடை நீங்கியது. பெட்டிகளின் எழுத்து 16 பிக்சலுக்கு இணையானதால் ஐபோனின் துள்ளலும் தானாக நின்றது. முழு உயரம் கைவிடப்பட்டு, பொத்தான் படிவத்தின் இறுதியில் முழு அகலத்தில் வந்தது. அதன் உயரம் நிலையாக வைக்கப்படவில்லை, குறைந்தது 48 பிக்சல் என்று மட்டும் சொல்லப்பட்டது. சொல் இரண்டு வரியானால் பொத்தானும் உயரும். ‘உறுதிப்படுத்துக’ என்பதைச் சுருக்கலாமா என்று மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டோம். முதியவர்களுக்கு அந்தச் சொல்லே விளங்கும் என்றார், அதனால் மாற்றவில்லை. வரியின் உயரம் தமிழுக்கும் சிங்களத்துக்கும் எழுத்தளவின் 1.6 மடங்கு.

வரவேற்பு மேசையின் பாதிச் சாளரத்துக்காக, அட்டையின் உள்ளமைப்பை, திரையின் அகலத்தைப் பார்க்காமல் அட்டைக்குக் கிடைத்த அகலத்தைப் பார்த்து மாறும்படி, கொள்கலன் வினவல் என்று சொல்லத்தக்க கன்டெய்னர் குவெரியால் எழுதினோம். குரோமும் சஃபாரியும் 2022இலும், ஃபயர்ஃபொக்ஸ் 2023 பெப்ரவரியிலும் அதைச் சேர்த்துக்கொண்டன. புதுப்பிக்கப்படாத பழைய கைப்பேசிகளில் அது புரியாது. அங்கே அட்டை ஒற்றை நிரலாகவே நிற்கும். சிறிய திரைக்கு அதுவே பொருத்தமும்கூட என்பதால் துணிந்தோம்.

பின்னர் நடந்தவை

புதிய வடிவம் வெளியான இரண்டாம் நாளே ஒரு படம் வட்ஸ்அப்பில் வந்தது. ‘பெண்நோயியல் மற்றும் மகப்பேற்று விசேட வைத்திய நிபுணர்’ என்ற வரி, எழுத்துக்கு எழுத்து கீழிறங்கி, திரையின் ஓரத்தில் ஒரு தூண்போல நின்றது. நீண்ட சொல் எங்கும் உடையலாம் என்ற கட்டளையை அட்டை முழுவதற்கும் கொடுத்திருந்தேன். அந்தக் கட்டளை, உடைவதற்கு அனுமதிப்பதோடு நில்லாமல், உறுப்பின் மிகக் குறைந்த அகலத்தையும் ஓரெழுத்து அளவுக்குக் குறைத்துவிடுகிறது; பக்கத்திலிருந்த, உடையக் கூடாத கட்டணம் தன் இடத்தை எடுத்துக்கொள்ள, துறையின் பெயர் நசுங்கியது. பெயர்ப் பகுதிக்கு 12 ரெம் அடிப்படை அகலம் கொடுத்து, போதாவிட்டால் கட்டணம் அடுத்த வரிக்கு இறங்கும்படி மாற்றியபின் அது தீர்ந்தது. ‘மகப்பேற்று’ என்பதன் ‘று’ தனித்து அடுத்த வரிக்கு விழுவதும் அதனால் நின்றது.

மூன்று வாரம் கழித்து மீண்டும் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். குறிப்புப் புத்தகத்தில் எங்கே அமத்துவது என்ற கேள்விக்கு முந்திய வாரத்தில் இரண்டு கோடுகள் மட்டுமே இருந்தன. முன்பு ஒரே மாலையில் அதைவிடக் கூடுதலாக இருந்தன. கட்டணம் கேட்கும் அழைப்புகளும் குறைந்திருந்ததாகப் பணியாளர் சொன்னார். தமிழ்ப் பக்கத்தில் தொடங்கும் பதிவுகள் இறுதிவரை செல்வதைச் சேவையகப் பதிவுகள் காட்டின.

இழப்பும் உண்டு. ஒரே துறையில் ஐந்து வைத்தியர்களின் நேரங்களை ஒப்பிட்டுப் பார்க்க விரும்புபவருக்குப் பழைய அட்டவணையே வசதியாயிருந்தது. அட்டைகளில் அவர் நெடுந்தூரம் உருட்ட வேண்டியிருக்கிறது. நாளின்படி வடிகட்டும் ஒரு வரிசையை மேலே சேர்த்தோம். அது உதவியது என்றாலும் முழு ஈடாகாது.

இன்று தொடங்கினால்

முதல் வரைபடத்துக்கு முன்பே அந்த வாங்கில் ஒரு மாலை உட்காருவேன். மொழிபெயர்ப்பு கடைசி வாரத்தில் வருவதை ஏற்க மாட்டேன். வைத்தியத் துறைகளின் மிக நீண்ட தமிழ்ப் பெயர்கள் பத்தை முதல் நாளே வாங்கி, அவற்றைக் கொண்டே கட்டத்தை அளப்பேன். மறுபடி செய்யும் வேலைக்கு நாங்கள் நிலையத்திடம் பணம் பெறவில்லை. ஐந்து வாரம் போயிற்று. முன்கூட்டியே அங்கே உட்கார்ந்து பார்த்து, பெயர்களை வாங்கியிருந்தால் அதற்கு அந்த நேரத்தில் பத்திலொரு பங்குகூடத் தேவைப்பட்டிருக்காது.

சிங்களப் பக்கத்தை, தமிழ் அடங்கினால் அதுவும் அடங்கும் என்ற நம்பிக்கையில் விட்டதும் முன்செய்த பிழையின் இன்னொரு வடிவம்தான். அகலத்தில் அது அடங்கியது. ஆனால் சிங்கள உயிர்க்குறிகள் எழுத்தின் மேலும் கீழும் நீள்வதால், வடிகட்டும் வரிசையின் பொத்தான்களில் இரண்டு குறிகள் ஓரத்தில் உரசி நின்றன. சிங்களம் வாசிக்கும் பணியாளர் ஒருவர் காட்டியபிறகே திருத்தினோம். இப்போது ஒவ்வொரு பக்கத்தையும் அந்தந்த மொழியை வாசிப்பவர் ஒருவர் தம் கைப்பேசியிலேயே பார்த்துச் சொல்லாமல் வெளியிடுவதில்லை.

புறக்கோட்டையில் வாங்கிய பழைய அண்ட்ரொயிட் கைப்பேசியொன்று எங்கள் அறையில் இருக்கிறது. அதன் காட்சி அளவும் எழுத்தளவும் ஆகக்கூடியதாக வைக்கப்பட்டுள்ளன. தமிழ்ப் பக்கமே அதில் முதலில் திறக்கும். கைப்பேசியைக் கிடையாகப் பிடித்து எழுதும்போது விசைப்பலகை மேலெழுந்து, தட்டும் பெட்டிக்கு ஒரு வரி இடம் மட்டுமே விடுவதை அதில்தான் கண்டோம். அதற்கு இன்னும் தீர்வு காணவில்லை. அடுத்த திருத்தத்துக்கான பட்டியலில் அது முதலாவதாக இருக்கிறது.